நீங்கியவர்களும் நீக்கியவர்களும்

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தின் இடைவேளையில் நண்பர் ஒருவர் ஸ்காட்லாந்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார். வெள்ளையருக்குக் குடும்பப் பற்றே கிடையாது என்று நாம் சொல்லித் திரிகிறோம். ஆனால் ஒரே குலப்பெயரைத் தாங்கியவர்கள் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கடல் கடந்து வந்து தங்கள் குலத்தலைவரின் கோட்டை வாசலில் கூடுகிறார்கள், இருநூறு ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பாசம் அறவில்லை, நம்மவர்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். சுற்றியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது தேநீர் ஆறுவதற்குள் முடிகிற அளவில் இல்லை.

2023 ஆகஸ்டில் அப்படி ஒரு கூடுகைக்கு நானே போய்வந்தேன். என் தங்கை அடிலெய்டில் வாழ்கிறாள். அவள் கணவரின் முன்னோர்கள் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஸ்கை தீவிலிருந்து 1850களில் கப்பலேறியவர்கள். அந்த வம்சத்தின் கிளைகள் எல்லாம் ஸ்கை தீவில் ஐந்து நாள் கூடுவதென்று முடிவாகியிருந்தது. எங்கள் தந்தை இப்போது இல்லை. சம்பந்தி முறைக்கு அண்ணன்தான் வர வேண்டும் என்று தங்கை பிடிவாதம் பிடித்தாள். பிரித்தானிய விசாவுக்காகச் சம்பளச் சான்று, கல்லூரியின் விடுப்புக் கடிதம், வீட்டுப் பத்திரத்தின் நகல் என்று ஒரு கட்டுத் தாள்களைச் சேர்த்தேன். நான் கட்டாயம் திரும்பிப் போய்விடுவேன் என்பதற்கான அத்தாட்சி அவை. என்னுடன் வந்தவர்களோ திரும்பி வந்ததற்காகவே குழலூதி வரவேற்கப்பட்டார்கள்.

மல்லெய்க் துறையிலிருந்து படகில் ஏறினால் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது, ஸ்கை தீவின் ஆர்மடேல் துறைக்கு. தொண்ணூறு பேருக்கு மேல் இருந்தோம். ஏற்பாட்டாளர்கள் ஆளுக்கொரு சிற்றேடு கொடுத்தார்கள். அதன் முதல் பக்கத்து வாக்கியத்தைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: கனவுகளைச் சுமந்தபடி நம் முன்னோர் இம்மண்ணைவிட்டு நீங்கினார்கள்.

இருபது ஆண்டுகளாக இலக்கணம் நடத்துகிறவனுக்குச் சில சொற்களில் கண் தானாக நின்றுவிடும். நீங்கினார்கள் என்பது தன்வினை. நீக்கினார்கள் என்பது பிறவினை. ங் என்ற ஒரு மெல்லின ஒற்று க் என்ற வல்லின ஒற்றாக மாறினால் போதும், செய்தவன் வெளியே வந்துவிடுவான். ஸ்கை தீவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாற்றில் வழக்கு முழுவதும் அந்த ஒற்றெழுத்தில்தான் இருக்கிறது. கூடுகை நடந்த ஐந்து நாளும் அந்த வல்லினத்தை யாரும் உச்சரிக்கவில்லை.

நண்பர் வியந்த குலத்தலைவர் யார்? கேலிக் மொழியில் 'கிளான்' என்றால் பிள்ளைகள் என்று பொருள். லத்தீனில் தளிர், நாற்று என்று பொருள்படும் 'பிளான்டா'தான் அதன் மூலம் என்கிறார்கள் சொற்பிறப்பியலார். நாமும் சுற்றத்தைக் கிளை என்கிறோம். தலைவரின் பெயரைத் தாங்கியவர்கள் எல்லோரும் அவருடைய இரத்தம் அல்லர்; அவர் நிலத்தில் பயிரிட்டுப் பாதுகாப்புக்காக அவர் பெயரை ஏற்றவர்கள் ஏராளம். ஆனாலும் அந்தப் பெயருக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. குடிகள் தலைவனுக்காகப் போரிடுவார்கள், தலைவன் அவர்களை நிலத்தில் நிலைநிறுத்துவான். தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் இருந்ததாலேயே குடிக்கு வரும் அந்த உரிமைக்கு கேலிக் மொழியில் 'தூஹஸ்' என்று பெயர். அது எந்தப் பத்திரத்திலும் எழுதப்படாதது. 1746இல் கலோடன் போரில் தோற்ற பிறகு, தலைவர்களின் பரம்பரை நீதியதிகாரத்தைச் சட்டம் பறித்தது. போரிடும் ஆட்கள் இனித் தேவையில்லை. எடின்பரோவிலும் லண்டனிலும் வாழப் பணம்தான் தேவை. ஒப்பந்தத்தின் ஒரு தரப்பு நிலவுடைமையாளராக மாறிவிட்டதை மறு தரப்பு புரிந்துகொள்ள இரண்டு தலைமுறைகள் ஆயின.

கடற்பாசியை எரித்துச் சாம்பல் எடுக்கும் தொழிலில் லாபம் கொழித்த காலத்தில் தலைவர்களுக்குக் கூலியாட்கள் வேண்டியிருந்தது. அப்போது புலம்பெயர்வைத் தடுக்கப் பார்த்தார்கள். 1803இல் வந்த பயணிகள் கப்பல் சட்டம் பயணிகளின் நலன் காக்க என்ற பெயரில் பயணச் செலவை ஏழைகளுக்கு எட்டாதபடி உயர்த்தியது. அதற்குப் பின்னால் ஹைலாண்ட் நிலக்கிழார்களின் அழுத்தம் இருந்தது. நெப்போலியப் போர்கள் முடிந்து பாசிச் சாம்பலின் விலை சரிந்தது. ஆட்டு மந்தைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் வருமானம் கூடுதல். 1846இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தது. இப்போது அதே குடிகள் மிகைக் கூட்டம் ஆனார்கள். 1852இல் தொடங்கிய ஹைலாண்ட் மற்றும் தீவுகள் குடிபெயர்வுச் சங்கம் சில ஆண்டுகளில் சுமார் 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. நிலக்கிழார்கள் தம் பங்குக்குச் செலவில் மூன்றிலொரு பகுதியைக் கொடுத்தார்கள். போகாதே என்றவர்களே ஐம்பது ஆண்டுகளில் கட்டணமும் கொடுத்துப் போ என்றார்கள். அச்சங்கத்தை முன்னின்று நடத்திய சார்லஸ் ட்ரெவெல்யன்தான் 1859இல் நமக்குச் சென்னை ஆளுநராக வந்து சேர்ந்தார் என்பது நம்மில் பலர் கவனிக்காத செய்தி.

எல்லாத் தலைவர்களும் ஒன்றல்லர். டன்வெகனின் மக்லியோட் தலைவர் அப்பஞ்சத்தில் குடிகளுக்கு உணவளித்தே கடனாளியாகி, லண்டனுக்குப் போய் எழுத்தராக வேலை பார்த்தார். அவரைப் போன்றவர்களை மறைத்து என் வாதத்துக்குக் கூர் ஏற்ற விரும்பவில்லை. ஆனால் எங்கள் கூடுகையின் இரண்டாம் நாள் நிகழ்ச்சி ஆர்மடேலில். அது மக்டொனால்ட் பிரபுக்களின் மாளிகை. இன்று பாதி இடிந்து நிற்கிறது, தோட்டம் அழகாக இருக்கிறது. எங்கள் சம்பந்தியின் முன்னோர் வாழ்ந்த போரெரெய்க் ஊரை 1853இல் காலிசெய்தது இந்த மாளிகையின் நிர்வாகம். கடனில் மூழ்கியிருந்த பிரபுவின் சொத்தை அப்போது அறங்காவலர்கள் நடத்தினார்கள். குடிகளின் நன்மைக்காகவே இது என்று காரணமும் சொன்னார்கள். 1971இல் அந்தப் பரம்பரை நிலத்தை விற்க நேர்ந்தபோது, உலகெங்குமுள்ள, முக்கியமாக அமெரிக்காவிலுள்ள, அக்குலப்பெயர்க்காரர்கள் பணம் திரட்டி ஓர் அறக்கட்டளை அமைத்து மாளிகையையும் சுமார் 20,000 ஏக்கரையும் வாங்கினார்கள். பணம் கொடுத்தவர்களில் நீக்கப்பட்டவர்களின் கொள்ளுப்பேரர்களும் இருந்திருப்பார்கள்; நீக்கியவரின் வீட்டைக் காப்பாற்றத் தம் சேமிப்பைத் தந்தவர்கள். நண்பர் இதைப் பாசம் என்பார். நானும் பாசம் என்றே சொல்வேன். ஒரு தரப்பு மட்டுமே வட்டி கட்டும் பாசம்.

கில்ட் உடையைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. குலத்துக்கொரு கட்டத்துணி என்ற வழக்கம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நெசவுக்கூடங்களிலும் 1842இல் வெளியான ஒரு போலிச் சுவடியிலும் உருவானது என்பதை ஹியூ ட்ரெவர்-ரோப்பர் முதலானோர் எழுதிவிட்டார்கள். மரபு எதுவும் ஏதோ ஒரு நாளில் புதிதாக இருந்ததுதான்; அதில் எனக்குப் புகார் இல்லை. புகார், அந்தத் துணி எதன்மீது போர்த்தப்பட்டது என்பதில். 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது வால்டர் ஸ்காட் அந்த வரவேற்பை ஒரு நாடகம்போல் அமைத்தார். தலைவர்கள் பரிவாரங்களோடு கட்டத்துணி உடுத்தி ஊர்வலம் வந்தார்கள், அரசரும் உடுத்தினார். சதர்லண்ட் பள்ளத்தாக்குகளில் ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றி ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த ஊர்வலத்தில் மிகப் பகட்டாக வந்தவர்களில் ஒருவரான கிளென்கேரி தலைவர் தம் சொந்தக் குடிகளை வெளியேற்றிக்கொண்டிருந்தவர். குடிகள் இல்லாத நிலத்தில் குலம் உடையாக மிஞ்சியது.

எனக்குத் தெரிந்த கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகளில் ஸ்காட் உண்டு. சோர்லி மக்லீனைக் கேட்டால் விழிக்கிறார்கள். ஸ்கைக்கு அடுத்த ராசே தீவில் 1911இல் பிறந்து, கேலிக் மொழியில் எழுதிய கவிஞர் அவர். 1954இல் வெளிவந்த 'ஹாலெய்க்' என்ற அவர் கவிதை, ராசேயில் காலிசெய்யப்பட்ட ஓர் ஊரைப் பற்றியது. அங்கே வளர்ந்த பிர்ச் மரங்களில் அவர் மறைந்துபோன பெண்களைக் காண்கிறார். உலகக் கவிதை பற்றிப் பேசும் நம் சிற்றிதழ் நண்பர்கள்கூட ஸ்காட்லாந்து என்றால் பர்ன்ஸோடு நின்றுவிடுகிறார்கள். கவிஞனின் மொழி தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது காரணமாக இருக்கலாம். 2011 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்தில் கேலிக் பேசுவோர் சுமார் 57,000 பேர், மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர். எங்கள் விருந்தில் உணவுக்கு முன்னான வேண்டுதலை ஒருவர் கேலிக்கில் சொன்னார். தொண்ணூறு பேரும் தலைகுனிந்து நின்றோம்; புரிந்தவர் சொன்னவர் மட்டும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், 1973இல் ஒரு பழைய பண்ணைக் களஞ்சியத்தில் தொடங்கி இன்று உயர்கல்வி நிறுவனமாக வளர்ந்திருக்கும் கேலிக் கல்லூரி இருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் அதற்கு அரை மணி நேரம்கூட இல்லை.

மூன்றாம் நாள், சம்பந்தி தம் வேண்டுகோளைச் சொன்னார். எழுபத்து நான்கு வயது, ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர். அவருக்குப் போரெரெய்க்கைப் பார்க்க வேண்டும். ஏற்பாட்டாளர் மரியாதையாக மறுத்தார். பாதை கரடுமுரடு, பேருந்து போகாது, அங்கே பார்க்க எதுவும் இல்லை, அன்று பிற்பகல் குழலிசைப் போட்டி வேறு. பார்க்க எதுவும் இல்லை என்று அவர் சொன்னது ஒரு வகையில் சரிதான்.

ஆறு பேர் ஒரு வாடகை வண்டி பிடித்துப் போனோம். டொரின் சாலையோரம் கூரையில்லாத பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. அங்கே இறங்கிப் பழைய சலவைக்கல் சுரங்கத்தைத் தாண்டி நடக்க வேண்டும். சாதாரணமாக ஒன்றரை மணி நேர நடை. பெரியவரின் முழங்காலுக்கு ஏற்ப எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. மேடு இறங்கியதும் கடல். கடலுக்கு முன்னால், சுற்றிலுமுள்ள பழுப்புக்கு நடுவே ஒரு பசும்பரப்பு. தலைமுறைகளாகக் கடற்பாசி சுமந்துவந்து எருவிட்ட மண் அது. நூற்றெழுபது ஆண்டுகள் கழிந்தும் பசுமை போகவில்லை. இடுப்பளவு உயரத்தில் கற்சுவர்கள். சுவர்களுக்குள் காஞ்சொறிச் செடிகள். ஆட்டு மந்தை ஒன்று எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது. பெரியவர் எந்தச் சுவர் தம் வீட்டுச் சுவர் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நடந்தார். "உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்வீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். "குட்டிச்சுவர்" என்றேன். அதன் பொருளைச் சொன்ன பிறகு அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஊர் சூஷ்னிஷ். அங்கே எதிர்த்து நின்ற மூவர் கைதுசெய்யப்பட்டு, இன்வர்னஸ் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். ஆனாலும் அந்தக் குளிர்காலத்திலேயே குடிகள் மறுபடி வெளியேற்றப்பட்டார்கள். புவியியலாளர் ஆர்ச்சிபால்ட் கெய்க்கி அப்போது இளைஞர். பாறைகளை ஆராய அந்தப் பகுதியில் திரிந்தவர், சூஷ்னிஷ் மக்களின் ஊர்வலத்தை நேரில் பார்த்து, 1904இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் எழுதினார். நடக்க முடியாத முதியவர்கள் வண்டிகளில், பிள்ளைகள் பக்கத்தில், பள்ளத்தாக்கெங்கும் எதிரொலித்த ஓலம். வெளியேற்றத்தின் சாட்சி ஒரு பாறை நிபுணனின் குறிப்பேட்டில் கிடக்க, நாவலாசிரியனின் நாடகம் அஞ்சலட்டைகளில் விற்கிறது.

இவ்விடத்தில் என் தந்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பிறந்தது இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு அருகே ஹோலிரூட் தோட்டத்தில். பெயர் வைத்தவர்கள் துரைமார்கள். அம்மலைகளில் ஹோலிரூட் உண்டு, டன்சினேன் உண்டு, டல்ஹவுசி உண்டு. ஊரை இழந்த ஸ்காட்டியர்களும் ஊரைப் பறித்த ஸ்காட்டியர்களும் காடழித்துத் தேயிலை நட்டு, கூலிகளாகத் தமிழரைக் கொண்டுவந்த இடங்கள். பிளான்டேஷன் என்ற சொல்லும் அதே 'பிளான்டா'விலிருந்து முளைத்ததுதான். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று இரு பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள். தந்தை எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து அங்கேயும் தேயிலையே பறித்தார். அரசாங்கம் அவர்களுக்கு இட்ட பெயர் தாயகம் திரும்பியோர். அவர் வாழ்நாளில் அதற்குமுன் பார்த்தேயிராத தாயகம். திரும்பியோர் என்பதும் தன்வினைதான். திருப்பியோர் யார் என்று எந்த அட்டையிலும் அச்சிடவில்லை.

ஸ்கைக்குப் போகும் வழியில் எடின்பரோவின் ஹோலிரூட் பூங்காவில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். 2009 ஜூலையில், ஸ்காட்லாந்து அரசு அறிவித்த 'தாயகம் திரும்பும் ஆண்டின்' மிகப் பெரிய குலக்கூட்டம் அந்தப் புல்வெளியில்தான் நடந்தது. சுமார் 47,000 பேர் வந்தார்கள். குலங்களுக்குத் தனித்தனிக் கூடாரம், கோட்டைக்கு ஊர்வலம். அதை நடத்திய நிறுவனம் சில மாதங்களில் நொடித்துப்போய், பல சிறு ஒப்பந்தக்காரர்களுக்குச் சேர வேண்டிய தொகை சேரவில்லை என்பது பின்னர் பொதுத் தணிக்கைவரை போன செய்தி. என் தந்தை அந்தப் பெயரை 'ஒலிரூட்டு' என்பார். அந்தப் புல்லில் உட்கார்ந்து அவர் உச்சரித்த விதத்திலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

நீக்கப்பட்டவர்கள் எல்லோரும் பரிதாபத்துக்குரியவர்களாகவே இருந்தார்கள் என்று முடித்துவிடவும் முடியாது. ஸ்கையில் பிறந்த ஆங்கஸ் மக்மில்லன் ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாண்டில் நிலம் திறந்தவராகக் கொண்டாடப்பட்டவர். 1843இல் வாரிகல் ஓடையில் குர்னாய் மக்களைக் கொன்று குவித்த கூட்டத்தோடு அவர் பெயர் இணைக்கப்படுகிறது. அவர் பெயரில் இருந்த நாடாளுமன்றத் தொகுதி 2018இல் பெயர் மாற்றப்பட்டது. குலப்பெயரைச் சொல்லிக் கூடுகிறவர்கள் அந்தப் பெயர் கடல் கடந்து செய்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாட்டன் கண்ணீரோடு கப்பலேறினான் என்று கேட்டு உருகும் பேரன், அவன் எங்கே இறங்கினான், இறங்கிய இடத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்க மறுத்தால், அந்த உருக்கத்துக்கு நான் தலைவணங்க மாட்டேன்.

நண்பர் கோபிக்கக்கூடும். உறவுகள் கூடி மகிழ்வதில் என்ன குற்றம் என்பார். ஒரு குற்றமும் இல்லை. முதல் இரவு குழலோசை எழுந்தபோது சம்பந்தி அழுதார். அதைக் கேலிசெய்ய நான் யார்? நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி என் தங்கை மகளின் நெற்றியைத் தடவி, இது எங்கள் வீட்டு நெற்றி என்றார். கறுத்த குழந்தை அவள். அங்கே யாரும் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. அந்தக் கணத்துக்காகவே இத்தனை தூரம் வரலாம். ஆனால் அந்த மூதாட்டிக்கும் குழந்தைக்கும் இடையே கோட்டைக்கும் தலைவருக்கும் என்ன வேலை? கடல் கடந்து, கடன் வாங்கி வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டியது அவர்கள் ஊரின் பெயர், குத்தகைப் பதிவேட்டில் அவர்கள் பாட்டனின் வரி, அவனை வெளியேற்றிய ஆணையில் இருந்த கையெழுத்து. இவை கிடைக்காத பொருள்கள் அல்ல. ஆர்மடேலின் அருங்காட்சியகத்தை ஒட்டியே நூலகம் இருக்கிறது, பண்ணை ஆவணங்களும் வம்சவழி தேடித்தரும் ஆட்களும் இருக்கிறார்கள். எங்கள் தொண்ணூறு பேரும் அந்தக் கட்டடத்தைக் கடந்துதான் கில்ட் வாடகைக்கு எடுக்கப் போனோம்.

கடைசி நாள் சம்பந்தி அந்த நூலகத்தில் நான்கு மணி நேரம் இருந்தார். வெளியே வந்தபோது ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதியிருந்தார். எங்களிடம் காட்டவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைய இறுதி விருந்தில் தலைவருக்காகக் கோப்பை உயர்த்தச் சொன்னபோது எல்லோருடனும் எழுந்து நின்றார். கோப்பையை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டார்.

அடுத்த கூடுகை 2028இல் அடிலெய்டில் நடக்கும் என்று முடிவாகியிருக்கிறது. அந்தச் சமவெளி கௌர்னா மக்களின் நிலம். நிகழ்ச்சியில் ஒரு நாளை அவர்களோடு பேச ஒதுக்க வேண்டும் என்று சம்பந்தி ஏற்பாட்டுக் குழுவுக்கு எழுதியிருக்கிறார். கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்பினார். குழுவிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.